கருங்கல்லின் வயதும் கோயிலின் வயதும்

ஆலயம் என்றவுடன் கல் நினைவிற்கு வருவது இயல்பு. கருவறையில் எழுந்தருளியிருக்கும் மூலவரின் திருமேனி கல்லால் ஆனது. பலிபீடமும் கல்லால் ஆனது. திருவிழாக் காலங்களில் பல்லாயிரம் பக்தர்கள் அக்கல்லின் முன் நின்று, தம் குறைகளைச் சொல்லி மனம் ஆறிச் செல்கின்றனர். ஆயினும், அந்தக் கல் எங்கே பிறந்தது, எப்பொழுது பிறந்தது என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

இவ்வினா வெறும் அறிவு வேட்கையால் எழுவதன்று. விஞ்ஞானிகள் ஒரு சிலையைச் சோதித்து, அது பல இலட்சம் ஆண்டுப் பழமை உடையதென்று கண்டுவிட்டார்கள் என்ற பேச்சு கோயில் வட்டாரங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. அப்பேச்சில் பாதி உண்மையும் பாதி மயக்கமும் கலந்துள்ளன. கல் பிறந்த காலம் வேறு. சிற்பி அதைச் செதுக்கிய காலம் வேறு. அதைச் சுற்றி ஆலயம் எழுந்த காலம் வேறு. இம்மூன்றையும் பிரித்தறிந்தாலன்றி ஓர் ஆலயத்தின் உண்மையான வரலாறு துலங்காது.

சிற்பியின் கணக்கு

கல்லுக்கு வயது உண்டு என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. சிற்ப நூல்கள் கல்லைப் பலவகையாகப் பிரிக்கின்றன. உளியால் தட்டும்பொழுது எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்பர். இறைவன் திருமேனிக்கு ஆண் கல்லும், இறைவி திருமேனிக்குப் பெண் கல்லும், பீடம், தளம் முதலியவற்றிற்கு அலிக் கல்லும் உரியவை என்பது மரபு. இவையன்றி இளமைக் கல், யௌவனக் கல், முதுமைக் கல் என்னும் பாகுபாடும் உண்டு. மிக இளங்கல் உறுதியற்றது. முதுகல் உளிக்கு நில்லாது உதிரும். யௌவனக் கல்லே திருமேனிக்கு ஏற்றது என்று சிற்பி தேர்ந்தெடுப்பார்.

சிற்பியின் இக்கணக்கு கல்லின் தன்மையைப் பற்றியது, ஆண்டுகளைப் பற்றியதன்று. நீரும் வெயிலும் எவ்வளவு அரித்திருக்கின்றன, உள்ளே பிளவு உண்டா, தட்டினால் ஓசை தெளிவாக எழுகிறதா என்பவற்றையே அவர் இளமை, முதுமை என்னும் சொற்களால் குறித்தார். கல்லின் வயதை ஆண்டுக் கணக்கில் அறியும் வழி இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்வரை உலகில் எவர்க்கும் கிடைத்ததில்லை.

தாராபாத்திரமும் கதிரியக்கமும்

1896ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அறிஞர் ஹென்றி பெக்கெரல், யுரேனியம் என்னும் தனிமம் தானாகவே கதிர்களை வெளிவிடுவதைக் கண்டறிந்தார். 1902இல் ரூதர்போர்டும் சாடியும், கதிரியக்கத் தனிமம் ஒன்று கதிரை வெளிவிட்டு வேறொரு தனிமமாக மாறுகிறது என்பதையும், அம்மாற்றம் மாறாத விதி ஒன்றின்படி நிகழ்கிறது என்பதையும் நிறுவினர். அமெரிக்க வேதியியல் அறிஞர் போல்ட்வுட் 1907இல் பாறைகளிலுள்ள யுரேனியத்தையும் ஈயத்தையும் ஒப்பிட்டு முதன்முதலாகப் பாறைகளின் வயதை வெளியிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, பெரும் அறிவியலாளரான கெல்வின் பிரபு, பூமியின் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுகளுக்குள்தான் இருக்கவேண்டும் என்று கணக்கிட்டிருந்தார். பாறைகள் அக்கணக்கைப் பொய்யாக்கின. ஆங்கிலேய அறிஞர் ஆர்தர் ஹோம்ஸ் 1911 முதல் இத்துறையை வளர்த்தார். 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களை ஆராய்ந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று முடிவு கண்டார்.

இம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள, சிவாலயம் செல்வோர் நன்கறிந்த ஒரு பொருளே போதும். சிவலிங்கத்தின் மேல் தொங்கும் தாராபாத்திரத்திலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. அந்நீர் முழுவதையும் கீழே ஒரு கலத்தில் ஏந்துவதாகக் கொள்வோம். சொட்டும் வேகம் தெரிந்திருந்து, மேலே எஞ்சிய நீரையும் கீழே சேர்ந்த நீரையும் அளந்தால், நீர் சொட்டத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். மேலே நீர் குறையக் குறையச் சொட்டும் வேகமும் குறையும்; கதிரியக்கமும் அவ்வாறே. எந்த அளவில் தொடங்கினாலும் அதில் பாதி மாறுவதற்கு ஆகும் காலம் ஒன்றே. அதனை அரைவாழ்வுக் காலம் என்பர்.

கருங்கல்லினுள் இத்தகைய பாத்திரங்கள் பல உள்ளன. பொட்டாசியத்தின் ஒரு வகை ஆர்கன் என்னும் வாயுவாக மாறுகிறது. அதன் அரைவாழ்வு 125 கோடி ஆண்டுகள். ருபீடியத்தின் ஒரு வகை ஸ்டிரான்சியமாக மாறுகிறது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். யுரேனியத்தில் இரு வகைகள் உண்டு. இரண்டும் ஈயமாகவே மாறுகின்றன. ஆனால் ஒன்றுக்கு 447 கோடி ஆண்டுகளும் மற்றொன்றுக்கு 70 கோடி ஆண்டுகளும் அரைவாழ்வாகும்.

பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பாக இருந்தது மெல்லக் குளிர்ந்து, படிகம் படிகமாக இறுகுவதே கருங்கல். அவ்வாறு இறுகும்பொழுதுதான் கீழ்க்கலம் வைக்கப்படுகிறது. ஆகவே, இக்கடிகாரம் காட்டும் வயது, குழம்பு கல்லான நாளிலிருந்து எண்ணப்படும் வயதாகும்.

தித்திவாங்சா மலைத்தொடர் பிறந்த கதை

கோலாலம்பூரில் வாழ்வோர் கிழக்கே தலைநிமிர்ந்து பார்த்தால் நீலநிறத்தில் தெரிவது தித்திவாங்சா மலைத்தொடர். கெந்திங் மலையும் கோம்பாக் மேட்டு நிலமும் அதன் பகுதிகளே. இத்தொடரின் உடல் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது.

1903ஆம் ஆண்டு மலாய்க் கூட்டு மாநிலங்களின் முதல் அரசாங்க மண்ணியல் நிபுணராக ஸ்கிரிவெனார் பொறுப்பேற்றார். பத்து காஜாவைத் தலைமையிடமாகக் கொண்டு அவர் தொடங்கி வைத்த பணியால் எந்தப் பாறை எங்குள்ளது, எது முந்தியது, எது பிந்தியது என்பது தெரியவந்தது. ஆனால், எத்தனை ஆண்டுகள் என்பது தெரியவில்லை. அண்ணன், தம்பி முறை தெரிந்தும் பிறந்த ஆண்டு தெரியாத நிலைக்கு இதனை ஒப்பிடலாம்.

கதிரியக்க முறையில் தீபகற்ப மலேசியாவின் கருங்கற்களை விரிவாக ஆராய்ந்து பிக்னெல், ஸ்நெல்லிங் என்னும் இருவர் எழுதிய நூல் 1977இல் இலண்டனில் வெளிவந்தது. அவர்கள் பொட்டாசியம், ருபீடியம் ஆகிய இரு கடிகாரங்களையும் பயன்படுத்தினர். இரண்டும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போகவில்லை. பொட்டாசியம் காட்டிய வயது பல இடங்களில் குறைவாக இருந்தது.

காரணம் என்ன? பொட்டாசியத்திலிருந்து பிறக்கும் ஆர்கன் ஒரு வாயு. அது அப்பிரகம் போன்ற கனிமங்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பிற்காலத்தில் நிலப்பிளவுகளின் அசைவாலோ புதிய வெப்பத்தாலோ கல் மீண்டும் ஏறத்தாழ 300 டிகிரி சென்டிகிரேடு அளவிற்குச் சூடேறினால் அவ்வாயு தப்பிச் சென்றுவிடும். கீழ்க்கலத்தில் ஓட்டை விழுந்தாற்போல, சேர்ந்தது ஒழுகிப்போய், கடிகாரம் புதிதாகத் தொடங்கும். அப்பொழுது முதியவர் இளைஞராகத் தோற்றமளிப்பார். கருவி பொய் சொல்லவில்லை. கல் கடைசியாகச் சூடாறிய காலத்தை அது சரியாகவே சொன்னது. பிறந்த நாளைக் கேட்டவர்க்குக் கடைசியாகச் சூடாறிய நாள் விடையாகக் கிடைத்தது, அவ்வளவே.

இக்குறையைத் தீர்த்து வைத்தது சிர்க்கான் என்னும் மணி. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கே நீளமுள்ள நுண்ணிய படிகம் அது. பிறக்கும்பொழுது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. ஆகவே, அதனுள் இன்று காணப்படும் ஈயம் பெரும்பாலும் யுரேனியத்திலிருந்து பிறந்ததே. 900 டிகிரி வெப்பத்திலும் அது எளிதில் தன் சேமிப்பை இழப்பதில்லை. மேலும், யுரேனியத்தின் இரு வகைகளும் ஒரே மணிக்குள் இரண்டு தாராபாத்திரங்களாக இயங்குகின்றன. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால், ஒரு வழக்கில் தனித்தனியே விசாரிக்கப்பட்ட இரு சாட்சிகள் ஒரே செய்தியைச் சொன்னதற்கு ஒப்பாகும்.

1985இல் லியூ, பேஜ் ஆகியோர் தீபகற்பத்தின் மேற்குப் பகுதிக் கருங்கற்களிலிருந்து சிர்க்கான் மணிகளைப் பிரித்து ஆராய்ந்தனர். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தினரும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினரும் பிறரும் சேர்ந்து செய்த ஆய்வுகள் 2012இலும் 2015இலும் வெளிவந்தன. அவற்றின் முடிவு இதுதான்: தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கற்கள் ஏறத்தாழ 20 கோடி முதல் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்தவை. கோலாலம்பூரை ஒட்டியவை 21 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதுடையவை. பகாங், திரங்கானு முதலிய கிழக்குப் பகுதிக் கருங்கற்கள் பெரும்பாலும் இவற்றிற்கு மூத்தவை. ஏறத்தாழ 22 கோடி முதல் 29 கோடி ஆண்டு வயதுடையவை.

கிழக்கும் மேற்கும் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. அவை முதலில் ஒரே நிலமாக இருந்தவையல்ல. மேற்குப் பகுதி, தெற்கே கோண்ட்வானா என்னும் பெருங்கண்டத்தின் விளிம்பில், ஆஸ்திரேலியாவை அடுத்து இருந்தது. அக்காலத்தில் இந்தியாவும் அதே பெருங்கண்டத்தில்தான் இருந்தது. கோண்ட்வானா என்னும் பெயரே நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நாட்டிலிருந்து வந்ததாகும். ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்குப் பகுதி பிரிந்து வடக்கே நகர்ந்து, இடையில் இருந்த கடலைச் சுருக்கி, கிழக்குப் பகுதியோடு மோதி இணைந்தது. அந்தத் தையல் இன்றும் பெந்தோங், ரவுப் வழியாக வடக்கு தெற்காக ஓடுகிறது. மோதலால் தடித்த நிலத்தின் அடிப்பகுதி உருகி எழுந்த குழம்பே தித்திவாங்சாவின் கருங்கல் ஆயிற்று.

மேற்குக் கருங்கற்களின் சிர்க்கான் மணிகள் சிலவற்றின் நடுவில், 150 கோடி முதல் 170 கோடி ஆண்டு வயதுடைய பழைய பகுதிகள் காணப்படுகின்றன. உருகிப்போன பழைய நிலத்தின் மணிகள் அழியாமல் தங்கி, அவற்றைச் சுற்றிப் புதிய படிகம் வளர்ந்துள்ளது. ஒரே மணியில் முற்பிறப்பும் இப்பிறப்பும் ஒருங்கே பதிந்திருப்பது வியப்பிற்குரியது.

பத்துமலையும் ஈயமும் கிள்ளான் ஆறும்

முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கும் பத்துமலை கருங்கல் மலையன்று; அது சுண்ணாம்புக்கல் மலை. கடலுயிர்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து உருவானது. எரிமலைக் குழம்பிலிருந்து பிறவாததால், அதற்கு மேற்கூறிய கடிகாரம் நேரடியாகப் பொருந்தாது. அப்பாறைத் தொகுதியின் வயதைப் புதைபடிவங்களே காட்டுகின்றன. அவை சிலூரியன் காலம் எனப்படும் 42 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தைச் சேர்ந்தவை. அதாவது, தித்திவாங்சாவின் கருங்கல் பிறந்தபொழுதே பத்துமலையின் கல்லுக்கு ஏறத்தாழ 20 கோடி வயது கடந்திருந்தது. அந்தக் கருங்கல் குழம்பின் வெப்பம் தாக்கியதால்தான் இங்குள்ள சுண்ணாம்புக்கல் பளிங்காக மாறியது.

அதே குழம்பு மற்றொன்றையும் தந்தது. கருங்கல் இறுகும் கடைசிக் கட்டத்தில், எஞ்சிய வெந்நீரும் ஆவியும் வெள்ளீயத் தாதுவைச் சுமந்து பிளவுகளில் படிந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெயிலும் மலையை அரித்தபொழுது, கனமான ஈயத் தாது பள்ளத்தாக்கின் மணலிலும் சரளையிலும் தங்கியது. 1857இல் ஈயம் தேடி அம்பாங்கிற்குச் சென்றவர்கள் கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடும் இடத்தில் கரையேறினர்; அங்கே கோலாலம்பூர் பிறந்தது. ஈயம் கொண்டுசெல்ல 1886இல் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் குடாவிற்கு இருப்புப் பாதை அமைந்தது. அத்தகைய பாதைகளிலும் சாலைகளிலும் உழைக்கத் தமிழர்கள் வந்தனர். அவர்கள் குடியேறிய இடங்களில் கோயில்கள் எழுந்தன. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸும் அவ்வாறு வளர்ந்த ஊரே. 21 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் நிகழ்ந்த ஒன்று, தஞ்சையிலும் திருச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த குடும்பங்களின் தலைவிதியை மாற்றியது என்றால் அது மிகையன்று.

ஈய லம்பங்களில் துலாங் என்னும் மரத்தட்டில் மணலை நீரோடு சுழற்றி ஈயத்தைப் பிரித்த பெண்களை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். இலேசான மணல் நீரோடு போக, கனமான தாது தட்டில் தங்கும். ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சும் கறுப்பு மணலை அமாங் என்பர். அந்த அமாங்கில் சிர்க்கான் மணிகளும் உள்ளன. ஆய்வுக்கூடத்திலும் இதே வேலைதான் நடைபெறுகிறது: கல்லை உடைத்து, சலித்து, கனமானவற்றைப் பிரித்து, காந்தத்தால் வேறாக்கி, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, மெருகேற்றி, மிக நுண்ணிய கதிர்க்கற்றையைச் செலுத்தி அளவிடுகின்றனர். லம்பத்தில் கழிவென்று ஒதுக்கப்பட்ட மணலில் மலையின் பிறந்த நாள் எழுதப்பட்டிருந்தது.

மலையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் கிள்ளான் ஆறு, கருங்கல் சிதைந்த மணலையும் களிமண்ணையும் சுமந்து வந்து தாழ்நிலங்களில் பரப்புகிறது. அவ்வகையில், கிள்ளான் நகரத்தின் சமநிலத்திலும் தித்திவாங்சாவின் துகள்கள் கலந்துள்ளன.

தமிழகத்திலிருந்து வந்த கல்

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இவ்வளவு கருங்கல் இருந்தும், இங்குள்ள ஆலயங்களின் கற்சிலைகள் பல மாமல்லபுரம் முதலிய இடங்களில் செதுக்கப்பட்டுக் கப்பலேறி வந்தவை. மரபு அறிந்த சிற்பிகளும், அவர்கள் உளிக்குப் பழகிய கல்லும் அங்கிருந்ததே காரணம்.

சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கருநீலக் கல்லுக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தா நகருக்கு அடிகோலியவராகக் கருதப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இக்கல் பதிக்கப்பட்டிருந்தது. இந்திய மண்ணியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அவர் பெயரால் இதற்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டு, 1900இல் விரிவான ஆய்வுநூலை வெளியிட்டார். தமிழ்நாட்டில் கோயில் கட்டுவோர் கருங்கல் என்று பொதுவாகச் சொல்வதில் உண்மையான கிரானைட்டோடு இத்தகைய பாறைகளும் அடங்கும். சென்னைப் பகுதிச் சார்னோக்கைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையது என்று கதிரியக்க முறை காட்டுகிறது. அதே தமிழகத்தின் தென்கோடியில் கன்னியாகுமரிப் பகுதியில் உள்ள சார்னோக்கைட்டோ 55 கோடி ஆண்டுகளை ஒட்டி இன்றைய உருவம் பெற்றது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் கற்கள் வயதில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு இது சான்றாகும்.

இரு நாட்டுக் கற்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கோலாலம்பூர்க் கருங்கல்லின் சிர்க்கான் மணியில், மெதுவாக மாறும் யுரேனியம் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கே ஈயமாக மாறியிருக்கிறது. விரைவாக மாறுவது 19 பங்கு மாறியிருக்கிறது. 250 கோடி ஆண்டு வயதுடைய தமிழகத்துக் கல்லிலோ முன்னது 32 பங்கும், பின்னது 91 பங்கிற்கு மேலும் மாறியிருக்கும். இவ்வகையில், தமிழகத்திலிருந்து வந்த கற்சிலை ஒன்று இங்குள்ள மலைகளைவிடப் பத்து மடங்குக்கு மேல் மூத்த கல்லாகவும் இருக்கக்கூடும்.

கற்பக் கணக்கு

இவ்விடத்தில் பக்தர்கள் பலர்க்கும் ஒரு நினைவு எழும். நம் புராணங்கள் பிரமனின் ஒரு பகலைக் கற்பம் என்றும், அது 432 கோடி மனித ஆண்டுகள் என்றும் கூறுகின்றன. பூமியின் வயதோ ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள். இவ்விரண்டு எண்களும் அருகருகே நிற்பது மனத்திற்கு மகிழ்ச்சி தருவதே. ஐரோப்பிய அறிஞர் பலர் உலகின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடக்க முயன்ற நாள்களில், நம் முன்னோர் கோடிகளில் எண்ணும் துணிவு பெற்றிருந்தனர் என்பது பெருமைக்குரியது.

ஆயினும், ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்குவது முறையாகாது. கற்பம் மீண்டும் மீண்டும் வரும் காலச் சுழற்சியைச் சொல்வது. கதிரியக்கம் ஒரு முறை நிகழ்ந்த நிகழ்ச்சியின் நாளைச் சொல்வது. அறிவியலின் எண் நாளை மேலும் திருத்தமாகக்கூடும். கெல்வின் பிரபுவின் எண் மாறியதைக் கண்டோம். மாறும் எண்ணின்மேல் மாறாத நம்பிக்கையை ஏற்றிவைக்கத் தேவையில்லை.

கோயிலின் வயதை யார் சொல்வார்?

கல்லின் வயது கோடிகளில் தெரிந்துவிட்டது. அக்கல்லால் ஆன கோயிலின் வயது தெரிந்துவிட்டதா என்றால், இல்லை. சிற்பியின் உளி பட்டதால் யுரேனியம் தன் கணக்கை மீண்டும் தொடங்குவதில்லை. நேற்றுச் செதுக்கிய சிலையும் பல்லவர் காலத்துச் சிலையும் ஒரே பாறையிலிருந்து வந்திருந்தால், கருவி இரண்டிற்கும் ஒரே வயதைத்தான் காட்டும்.

கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள சண்டி புக்கிட் பத்து பகாட் என்னும் பழங்கோயில் கருங்கல்லால் கட்டப்பட்டது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் அதனை அகழ்ந்தார். 1960ஆம் ஆண்டளவில் அது மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டது. அதன் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் கருங்கல்லைச் சோதிக்கவில்லை. கட்டட அமைப்பையும், அடியில் வைக்கப்பட்ட புனிதப் பேழைகளையும், சுற்றுவட்டத்தில் கிடைத்த பொருள்களையும் ஆராய்ந்தனர். அவற்றில் எழுத்துச் சான்று போதாமையால் இன்றும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கோ அத்தகைய ஐயம் இல்லை. இராசராசன் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு எழுதிவைத்தான். ஆகவே, 1010ஆம் ஆண்டு என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

கார்பன் முறையால் சோதிக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அம்முறை ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருள்களுக்கே உரியது: மரம், கரி, எலும்பு, துணி போன்றவை. கல்லுக்கு அது பயன்படாது. மலேசியக் கோயில்களின் பழைய மரக்கதவுகளுக்குப் பயன்படுத்தினாலும் தெளிவான விடை கிடைக்காது. 1650 முதல் 1950 வரையிலான காலத்தில், காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறியும் இறங்கியும் இருந்தமையால், ஒரே அளவீடு பல ஆண்டுகளுக்குப் பொருந்திவிடுகிறது. இந்நாட்டுத் தமிழர் கோயில்களில் மிகப்பெரும்பாலானவை அக்காலத்திற்குள் எழுந்தவையே.

ஆக, யுரேனியம் மிக மெதுவான கடிகாரம். கார்பன் இக்காலத்தில் மங்கலான கடிகாரம். நூறு, நூற்றைம்பது ஆண்டு வயதுடைய ஆலயம் ஒன்றின் பிறந்த நாளைச் சொல்ல அறிவியலிடம் ஏற்ற கருவி இல்லை. மனிதர் எழுதிவைத்த ஏடு ஒன்றே சான்று.

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873இல் தோன்றியது என்றும், பத்துமலையில் 1891இல் முருகன் வழிபாடு நிலைபெற்று 1892 முதல் தைப்பூசம் நடைபெறுகிறது என்றும், கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயம் 1892இல் எழுந்தது என்றும் இன்று சொல்ல முடிகிறது. அந்த ஆண்டுகள் நினைவிலும் எழுத்திலும் காக்கப்பட்டதே அதற்குக் காரணம். தோட்டங்களிலும் இருப்புப்பாதைக் குடியிருப்புகளிலும் ஒரு வேலோ, ஒரு சூலமோ, ஒரு கல்லோ நட்டு வழிபாடு தொடங்கிய எத்தனையோ சிறு கோயில்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நிலம் கைமாறும்பொழுதும், சாலை விரியும்பொழுதும், இந்தக் கோயில் எப்பொழுதிலிருந்து இங்கே இருக்கிறது என்னும் கேள்வி எழுகிறது. அப்பொழுது, எங்கள் பாட்டன் காலத்திலிருந்து என்னும் விடை உண்மையாக இருந்தாலும், எழுத்தில் இல்லாததால் வலுவிழந்து நிற்கிறது. கருவறையில் உள்ள கல்லின் வயது 250 கோடி ஆண்டுகள் என்று காட்டினாலும் அங்கே பயனில்லை.

மேலும் ஒரு குறை உண்டு. ஆலயம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி காணும்பொழுது, பழைய உபயதாரர் பெயர் பொறித்த கற்கள் பெயர்க்கப்பட்டு, புதிய பளிங்குத் தரைக்கு அடியில் மறைந்துவிடுவதுண்டு. சாயம் பூசி எழுத்து அழிந்துபோவதும் உண்டு. வெப்பம் பட்டு ஆர்கன் தப்பிச் சென்ற கல்லைப் போல, அத்தகைய ஆலயம் தன் உண்மை வயதை இழந்து, கடைசிக் கும்பாபிஷேகத்தின் வயதையே காட்டி நிற்கும்.

ஆதலால், ஆலய நிர்வாகங்கள் செய்யத்தக்க பணிகள் சில உள்ளன. பழைய கூட்டக் குறிப்பேடுகள், நிலம் தொடர்பான கடிதங்கள், உபயப் பற்றுச்சீட்டுகள், கும்பாபிஷேக அழைப்பிதழ்கள், நிழற்படங்கள் ஆகியவற்றைத் தொகுத்து, படியெடுத்து, ஒரு படியை ஆலயத்திற்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் வைக்கவேண்டும். ஒவ்வொரு திருமேனியும் எந்த ஊரில், எந்தச் சிற்பியால், எந்தக் கல்லில், எந்த ஆண்டு செதுக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்யவேண்டும். திருப்பணியின்போது பழைய பெயர்க் கற்களை அகற்ற நேர்ந்தால், அவற்றைப் படமெடுத்து, சுற்றுச்சுவரில் ஓரிடத்தில் பதித்து வைக்கவேண்டும். எழுபது, எண்பது வயது கடந்த மூத்த பக்தர்கள் சொல்வதை இன்றே எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் பெறவேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சில மாதங்கள் பொறுப்போடு உழைக்கும் நான்கைந்து பேர் போதும்.

சிர்க்கான் மணி உருவத்தில் மிகச் சிறியது. ஆயினும் தான் பெற்றதைச் சிந்தாமல் வைத்திருந்தமையால், 21 கோடி ஆண்டுகளுக்குப் பின்னரும் மலையின் வரலாற்றைச் சொல்கிறது. கல் தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்டது. கோயிலின் கணக்கை மனிதர்தான் எழுதவேண்டும். அம்பிகையின் அருளால் அப்பணி இந்தத் தலைமுறையிலேயே நிறைவேறுமாக.